குருதி எழுதும் செய்தி: திருவரங்கத்து ஆரோக்கியசாலையை முன்வைத்து

திருவரங்கம் பெரியகோயிலில் தன்வந்திரிக்கெனத் தனிச் சந்நிதி உண்டு. அரங்கனையும் தாயாரையும் சேவித்துத் திரும்பும் பெருங்கூட்டத்தில் அதன்முன் நின்று செல்வோர் சிலரே. நிற்பவர்களும் பெரும்பாலும் வீட்டில் யாருக்கேனும் உடல்நலம் குன்றியிருப்பதால் நிற்பவர்கள்தாம். மருத்துவக் கடவுளான தன்வந்திரியை நான்கு கையராகத் தியானிப்பது மரபு. சங்கும் சக்கரமும் அவர் திருமாலின் கூறு என்பதைச் சொல்கின்றன. அமுதகலசம் பாற்கடல் கடைந்த கதையைச் சொல்கிறது. எஞ்சிய கையில் இருப்பது அட்டை. வயலிலும் குளத்திலும் நம் காலைக் கவ்வும் அதே அட்டைதான்.

கடவுளின் கையில் அட்டைக்கு என்ன வேலை? குருதி கெட்டால் அந்தக் கேடு தோலில் தெரியும். தோலின் வழியாகவே கெட்ட குருதியை வெளியேற்ற வேண்டும் என்பது பண்டைய மருத்துவரின் கொள்கை. அதற்கு மிக மென்மையான கருவி அட்டை. சுச்ருத சம்ஹிதையில் அட்டைக்கென்றே ஓர் இயல் இருக்கிறது. நஞ்சுள்ளவை 6, நஞ்சற்றவை 6 என 12 வகை அட்டைகளை அது பிரிக்கிறது. அரசர், செல்வர், குழந்தைகள், முதியோர், பெண்டிர், அச்சமுடையோர், மெலிந்தோர் ஆகியோருக்குக் கத்தியோ ஊசியோ இன்றிக் குருதி நீக்க ஏற்ற வழி இதுவே என்கிறது. நல்ல அட்டைகள் கிடைக்கும் நிலங்களை எண்ணும்போது பாண்டிய நாட்டையும் சேர்த்துச் சொல்கிறது. மருத்துவ நூலில் தமிழ்நிலம் முத்துக்காகவோ மிளகுக்காகவோ அன்றி அட்டைக்காகப் பெயர் பெறும் இடம் இது!

குருதிநாளங்களின் சுவர் அழற்சியுற்று, அதன் விளைவு தோலில் செம்புள்ளியாகவும் தடிப்பாகவும் புண்ணாகவும் வெளிப்படும் நோய்களை இன்றைய மருத்துவம் ஒரு குடும்பமாகத் தொகுத்திருக்கிறது. குருதிநாள அழற்சி என்று அதைத் தமிழில் சொல்லலாம். இந்நோய்களைப் பற்றிய சிந்தனைக்குத் திருவரங்கத்து மருத்துவ வரலாறு நல்ல வாயில் என்பது என் எண்ணம். 'எல்லாம் நம் முன்னோர் அன்றே அறிந்ததே' என்ற முழக்கத்திற்காக இதைச் சொல்லவில்லை. தோலில் தோன்றும் ஒரு குறியை மனிதர்கள் எப்படியெல்லாம் படித்திருக்கிறார்கள், அந்தப் படிப்பு நோயாளியை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்று பார்ப்பதே நோக்கம்.

கல்வெட்டில் ஆரோக்கியசாலை

திருவரங்கத்தில் மருத்துவமனை இருந்தது என்பதற்குக் கல்வெட்டே சான்று. 13ஆம் நூற்றாண்டில், கண்ணனூரைத் தலைநகராகக் கொண்டு போசள மன்னன் வீரராமநாதன் இப்பகுதியை ஆண்ட காலத்தில், அவனுடைய தண்டநாயகன் சிங்கண்ணன் கோயிலில் ஆரோக்கியசாலை அமைக்க ஏற்பாடு செய்தான். கண்ணனூர் என்பது இன்றைய சமயபுரத்தை ஒட்டிய பகுதி. சாலையின் பொறுப்பு கருடவாகன பண்டிதர் என்னும் பெயர் தாங்கிய மருத்துவக் குடியினரிடம் இருந்தது.

அடுத்த நூற்றாண்டு திருவரங்கத்திற்குக் கொடியது. 1311இல் மாலிக் காபூரின் படையெடுப்பு. 1323இல் உலூக் கானின் படையெடுப்பு. அரங்கன் திருமேனி ஊர் ஊராக அலைந்து 1371இல்தான் திரும்பி வந்தது. தெய்வமே வெளியேறிய ஊரில் மருத்துவமனை நிலைத்திருக்குமா? இடிந்துபோன சாலையைச் சக ஆண்டு 1415இல், அதாவது கி.பி. 1493இல், சீனிவாசன் என்னும் இயற்பெயர் கொண்ட திருவரங்கம் கருடவாகன பட்டர் மீண்டும் எடுப்பித்தார். அங்கே தன்வந்திரி எம்பெருமானையும் எழுந்தருளச் செய்தார். இச்செய்தியைத் தாங்கிய கல்வெட்டு 'எபிகிராபியா இண்டிகா'வின் 24ஆம் தொகுதியில் பதிப்பிக்கப்பட்டிருக்கிறது.

இலக்கிய வாசகர்களுக்குக் கருடவாகனர் என்ற பெயர் வேறொரு வகையிலும் அறிமுகமானது. ஆழ்வார்களின் வரலாற்றைப் பாடும் 'திவ்யசூரி சரிதம்' என்னும் வடமொழிக் காவியம் கருடவாகன பண்டிதர் பெயரிலேயே வழங்குகிறது. கசாயம் காய்ச்சும் குடியில் காவியமும் பிறந்திருக்கிறது. கோயிலொழுகு இந்தக் குடியை இராமானுசர் காலத்துடன் இணைக்கிறது. நாவற்பழமும் தயிரமுதும் அமுது செய்ததால் அரங்கனுக்கு ஒவ்வாமை நேர்ந்ததாகவும், உடையவர் கருடவாகன பண்டிதரை அழைத்துக் கசாயம் சமர்ப்பிக்கச் செய்ததாகவும் அது கூறும். கதையை அப்படியே வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் நோய் வருவது இழிவன்று, அது தெய்வத்திற்கும் வரும், மருந்து கொடுத்தால் தீரும் என்று எண்ணிய ஒரு மனநிலையின் சான்றாக அதைக் கொள்ளலாம். இந்த மனநிலையை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன், பின்னர் தேவைப்படும்.

திருமுக்கூடலின் மருந்துப் பட்டியல்

இத்தகைய சாலைக்குள் என்னென்ன இருந்திருக்கும் என்று அறிய, இதற்கு முந்தைய கல்வெட்டொன்று உதவுகிறது. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், வீரராசேந்திர சோழனின் கல்வெட்டு (11ஆம் நூற்றாண்டின் பிற்பாதி) அங்குள்ள திருமால் கோயிலில் இயங்கிய 'வீரசோழன்' மருத்துவமனையை வெகு நுணுக்கமாக விவரிக்கிறது. படுக்கைகள் 15. கோதண்டராமன் அசுவத்தாம பட்டன் என்னும் மருத்துவன் ஒருவன், அறுவை செய்வான் ஒருவன், மூலிகை பறித்துக் கொணர்வார் இருவர், நோயாளிகளைப் பேணும் பெண்டிர் இருவர். இரவில் எரியும் விளக்குக்கும் நிவந்தம் இருந்தது. நோயாளிக்கு இரவில் வெளிச்சம் வேண்டும் என்று நினைத்த அந்த மனிதரை எண்ணிப் பார்க்கிறேன்.

இம்மருத்துவமனை ஊரார் அனைவருக்குமானதன்று. அங்கிருந்த வேதப் பள்ளியின் மாணவருக்கும் கோயிற் பணியாளருக்கும் உரியதாகவே அது அமைந்தது. பெருமிதத்தோடு இக்கல்வெட்டை எடுத்துக்காட்டுவோர் இதை விட்டுவிடுவதுண்டு. விடக்கூடாது.

சேமித்து வைக்கப்பட்ட மருந்துகளின் பெயர்களும் கல்லில் உள்ளன. கடுக்காயை அடிப்படையாகக் கொண்டவை மட்டுமே பல: வாசா அரீதகி, தசமூல அரீதகி, கோமூத்திர அரீதகி, பல்லாதக அரீதகி. பல்லாதகம் என்பது சேங்கொட்டை. தோல்நோய்களுக்கு ஆயுர்வேதமும் சித்த மருத்துவமும் கையாளும் கடுமையான சரக்கு இது. அதே சேங்கொட்டையின் பால் தோலில் பட்டால் வெந்து கொப்புளிக்கும். துணியில் குறியிட அதைப் பயன்படுத்திய வண்ணார்களின் தோலில் வரும் அழற்சி மருத்துவ நூல்களில் தனியாகவே பேசப்பட்டது. தோலை ஆற்றும் மருந்தே தோலைச் சுடும் என்பதால்தான் சேங்கொட்டையைச் 'சுத்தி' செய்யாமல் பயன்படுத்தலாகாது என்று மரபு கண்டித்துச் சொல்கிறது. குருதிநாள அழற்சியைத் தூண்டும் காரணிகளில் மருந்தும் ஒன்று என்று இன்றைய மருத்துவம் சொல்வதை இங்கே சேர்த்துப் பார்க்கலாம்.

வாதரத்தம்

பண்டைய நூல்களில் நம் பொருளுக்கு மிக அருகில் வருவது வாதரத்தம். சரக சம்ஹிதையின் சிகிச்சை தானத்தில் 29ஆம் இயல் முழுதும் இதற்கே உரியது. கெட்ட குருதி வாதத்தின் வழியை மறிக்க, மறிக்கப்பட்ட வாதம் சீறிக் குருதியை மேலும் கெடுக்கிறது என்பது அதன் விளக்கம். தோலிலும் தசையிலும் நிற்பது மேலோட்டமான வகை. உள்ளே இறங்குவது ஆழ்ந்த வகை. மேலோட்டமான வகையில் அரிப்பு, எரிச்சல், குத்தல், துடிப்பு ஆகியவற்றோடு தோல் கருமையாகவோ செம்மையாகவோ செம்பின் நிறமாகவோ மாறும். பெரும்பாலும் கால்களில் தொடங்கும், சிலசமயம் கைகளில். பிறகு எலிக்கடியின் நஞ்சு பரவுவதுபோல் உடலெங்கும் பரவும் என்பது பழைய உவமை.

ஏன் காலில் தொடங்க வேண்டும்? குதிரை, ஒட்டகம் ஆகியவற்றின்மீது செல்வதையும் சரகர் காரணங்களுள் ஒன்றாகச் சொல்கிறார். காலைத் தொங்கவிட்டு அமர்வோருக்குக் குருதி கீழ்நோக்கித் தேங்கும் என்பது இதன் உட்பொருளாகலாம். சிறு குருதிநாளங்களில் வரும் அழற்சியின் செம்புள்ளிகள் பெரும்பாலும் கால்களிலேயே முதலில் தோன்றுவதற்கு, நிற்கும்போது கால்களின் நாளங்களில் கூடும் அழுத்தத்தையும் மெதுவாகும் ஓட்டத்தையும் இன்றைய மருத்துவர் காரணமாகக் காட்டுகின்றனர்.

மருத்துவமோ, மீண்டும் அட்டை. கொம்பு, சுரைக்குடுக்கை, ஊசி, அட்டை என நோய் நின்ற இடத்திற்கேற்பக் குருதி நீக்கச் சொல்வார்கள். உள்ளுக்குச் சீந்தில் தலையாய மருந்து. வடமொழியில் அதற்கு அம்ருதா என்றும் பெயர். நம்மிலும் அமிர்தவல்லி என்பர். தன்வந்திரியின் ஒரு கையில் அட்டையும் ஒரு கையில் அமுதமும் இருப்பது, வாதரத்தத்தின் மருந்துச் சீட்டைப் படிப்பதுபோல் எனக்குத் தோன்றுவதுண்டு. (இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் அட்டை விட முற்பட வேண்டாம்!)

ஆயினும் வாதரத்தமே குருதிநாள அழற்சி என்று எழுதிவிட முடியாது. பலர் அதை மூட்டில் உப்புப் படியும் கௌட் நோயோடு ஒப்பிடுவர். செல்வர்க்கு வரும் நோய் என்னும் பொருள்படும் அதன் மற்றொரு பெயர் அதற்குத் துணை செய்கிறது. கால்களின் குருதியோட்டம் தடைப்படும் நோய்களோடு ஒப்பிடுவாரும் உளர். ஒரு பழைய பெயருக்குள் இன்றைய நோய்கள் பல அடங்கியிருக்கும். இன்றைய நோய் ஒன்று பழைய பெயர்கள் பலவற்றில் சிதறியும் கிடக்கும். மன்னர்களை அடையாளம் காண்பதில் நாம் காட்டும் எச்சரிக்கையை நோய்களை அடையாளம் காண்பதிலும் காட்ட வேண்டும். உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவே: தோலில் தெரிவதைத் தோலின் குற்றமாக மட்டும் கொள்ளாமல், அதன் அடியில் ஓடும் குருதியின் செய்தியாக அந்த மருத்துவர்கள் படித்தார்கள்.

நாளத்தின் சுவர்

அவர்கள் பார்க்க இயலாதது நாளத்தின் சுவர். அதற்கு நுண்ணோக்கி வர வேண்டியிருந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளிவந்த இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் ஹெபர்டனின் குறிப்புகளில், கால்களில் செம்புள்ளியும் வயிற்று வலியும் சிறுநீரில் குருதியுமாக வந்த 5 வயதுச் சிறுவன் ஒருவன் இடம்பெறுகிறான். 1837இல் ஷோன்லைன் அத்தகைய புள்ளிகளை மூட்டுவலியோடும், 1874இல் ஹெனோக் வயிற்று வலியோடும் இணைத்தனர். இருவர் பெயராலும் நெடுங்காலம் வழங்கிய அந்நோய் இன்று ஐஜிஏ குருதிநாள அழற்சி எனப்படுகிறது. 1866இல் ஜெர்மனியின் பிரைபுர்க் நகரில், 27 வயதான தையல் தொழிலாளி ஒருவரின் உடலைக் கூறாய்வு செய்த குஸ்மாலும் மையரும், தமனிகளின் நெடுகிலும் மணிகள் கோத்ததுபோல் முடிச்சுகளைக் கண்டனர். அழற்சி நாளத்தின் சுவரிலேயே உள்ளது என்பது அப்போது கண்கூடாயிற்று. சிறியது, நடுத்தரமானது, பெரியது என நாளத்தின் அளவைக் கொண்டு இந்நோய்களை வகைப்படுத்தும் முறை அமெரிக்காவின் சாப்பல்ஹில்லில் கூடிய அறிஞர்களால் 1994இல் வகுக்கப்பட்டு 2012இல் திருத்தப்பட்டது.

தோலில் நிகழ்வது இதுதான். நம்மைக் காக்க வேண்டிய வெள்ளணுக்கள் சிறு நாளங்களின் சுவரைத் தாக்கி அங்கேயே சிதைகின்றன. சுவர் கசிகிறது. குருதி வெளியேறித் தோலுக்கடியில் தங்குகிறது. வெறும் சிவப்பாயின் விரலால் அழுத்தினால் மறையும். இது மறையாது, குருதி நாளத்தை விட்டு வெளியே வந்துவிட்டதல்லவா? தொற்று, மருந்து, உடலின் பிற தன்தாக்கு நோய்கள் எனக் காரணங்கள் பல. காரணம் புலப்படாததும் உண்டு. தோலோடு நின்று சில வாரங்களில் அடங்குவதும் உண்டு. சிறுநீரகத்தையும் நரம்பையும் தொடுவதும் உண்டு. ஆகவேதான் காலில் புள்ளி என்று வருபவரிடம் மருத்துவர் சிறுநீர்ப் பரிசோதனை கேட்கிறார். உள்ளே நடப்பதன் அறிவிப்பு தோலில் இருக்கக்கூடும் என்னும் பழைய எண்ணம் இங்கே புதிய உறுதியோடு திரும்பி வருகிறது.

புண்ணுக்கு எழுதப்பட்ட உரைகள்

மருத்துவர் குருதியைப் படித்த அதே திருவரங்கத்தில், பிறர் புண்ணை வேறு விதமாகப் படித்தனர். வைணவ குருபரம்பரை நூல்களில் இரண்டு புண்கள் வருகின்றன. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

ஒன்று, இராமானுசரைத் துன்புறுத்த முற்பட்டு, கூரத்தாழ்வானும் பெரியநம்பியும் கண்ணிழக்கக் காரணமான சோழனின் புண். கழுத்தில் புண் வந்து புழுத்து மாண்டான் என்று கூறி, அவனைக் கிருமிகண்டன் என்றே அந்நூல்கள் அழைக்கின்றன. அவன் எந்தச் சோழன் என்பதில் வரலாற்றறிஞரிடையே ஒருமித்த கருத்தில்லை. ஆனால் புண்ணுக்கு எழுதிய உரையில் ஐயமில்லை: புண் என்பது பாவத்தின் கூலி.

மற்றது ஆளவந்தாரின் இராசபிளவை. அதன் வேதனையை அவர் படுவது பொறாமல், அவருடைய சீடரும் தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்தவருமான மாறனேர் நம்பி, அந்நோயைத் தமக்குப் பிரசாதமாக அருள வேண்டினார், பெற்றார், அனுபவித்தார். அவர் மறைந்தபின் உடன் பயின்ற பெரியநம்பி, அந்தணர்க்குரிய முறையில் இறுதிக் கடன்களைச் செய்தார். திருவரங்கத்து அந்தணர் கொதித்தெழுந்து அவரை விலக்கினர். பறவையான சடாயுவுக்கு இராமன் செய்யவில்லையா என்று பெரியநம்பி கேட்டதாக மரபு சொல்லும். இங்கே புண்ணுக்கு எழுதிய உரை: புண் என்பது அருள்.

பகைவனின் உடலில் பாவமாகவும் அடியாரின் உடலில் அருளாகவும் படிக்கப்படும் புண், மருத்துவரின் முன் வெறும் புண்ணாக இருக்கிறது. அவர் கேட்பது இது எங்கே தொடங்கியது, எவ்வளவு ஆழம், எதனால் ஆறும் என்பதை மட்டுமே. பகைச் சோழனைப் பற்றிய கதையை நம் மரபு மறக்கவில்லை. சோழன் பெயரால் திருமால் கோயிலிலேயே நடந்த 15 படுக்கைகளை எத்தனை பேர் நினைக்கிறோம்?

ஒரு சொல்லின் கொடுமை

பழைய நூல்கள் குட்டத்தை 18 வகையாகப் பிரித்தன. படை, சொறி போன்ற சிறு தோல்நோய்களும் அவற்றுள் அடங்கும். வாதரத்தத்தின் முற்குறிகள் குட்டத்தின் முற்குறிகளை ஒத்திருக்கும் என்று எச்சரித்து, இரண்டையும் வேறு வேறாக நிறுத்தின. ஊர் வழக்கோ இந்த நுணுக்கத்தைப் பொருட்படுத்தவில்லை. தோல் சிவந்தால், தடித்தால், புண்ணானால் ஒரே சொல். அந்தச் சொல்லுக்கு ஒரே தண்டனை, விலக்கு. 1873இல் ஹான்சன் தொழுநோய்க் கிருமியைக் கண்டறிந்த பின்னரும், 1898இல் பிரிட்டிஷ் அரசு வறிய தொழுநோயாளரைப் பிடித்து அடைக்கச் சட்டம் இயற்றியது. அது நீக்கப்பட்டது 2016இல். தொழுநோயை மணமுறிவுக்குக் காரணமாக்கிய விதிகள் 2019இல்தான் அகற்றப்பட்டன. இத்தனைக்கும் 1980களிலிருந்தே கூட்டு மருந்துகளால் முற்றிலும் குணமாகும் நோய் அது. தொழுநோயின் போக்கில் சிலருக்குத் தோன்றும் செந்நிற வலிமுடிச்சுகளிலும் குருதிநாள அழற்சி காணப்படுவதுண்டு. எல்லைகள் அவ்வளவு நெருக்கமானவை. நெருக்கமாக இருப்பதாலேயே கவனமாகப் பிரித்தறிய வேண்டியவை.

சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவி ஒருத்தியின் இரு கால்களிலும் செம்புள்ளிகள் படர்ந்தன. மருத்துவர் தோலில் ஒரு துணுக்கெடுத்துச் சோதித்து, சிறு நாளங்களின் அழற்சி, பிறருக்குத் தொற்றாது என்று எழுதிக் கொடுத்தார். ஆனால் அதற்கு முந்தைய 10 நாள்களில் விடுதியில் அவள் வாளியைப் பிறர் தொடுவது நின்றிருந்தது. உணவுக்கூடத்தில் அவளுக்கு இருபுறமும் இடம் காலியாயிருந்தது. புள்ளிகள் ஆறு வாரத்தில் மறைந்தன. இரண்டாம் பருவத்தில் அவள் விடுதியை விட்டு ஊரிலிருந்தே பேருந்தில் வரத் தொடங்கினாள். நோயின் பெயர் தெரியாத இடத்தை ஊர் தனக்குத் தெரிந்த பெயரால் நிரப்பிக்கொள்கிறது. தமிழ் கற்பிப்பவன் என்ற முறையில் அது என்னைத் தொட்டது. அந்த நோய்க்கு நம் அன்றாட மொழியில் ஒரு பெயர் இருந்திருந்தால் அந்த வாளி விலக்கப்பட்டிருக்காது என்று உறுதி கூற மாட்டேன். ஆயினும் அவளுக்கு விடைசொல்ல ஒரு சொல்லாவது இருந்திருக்கும்.

திருச்சிராப்பள்ளி அரசு மருத்துவக் கல்லூரி ஒரு தமிழறிஞரின் பெயரைத் தாங்கியிருப்பது இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. இந்நகரில் பிறந்த கி.ஆ.பெ. விசுவநாதம் (1899–1994) 'தமிழ் மருந்துகள்' என்னும் நூலை எழுதியவர். மருத்துவம் மக்கள் மொழியில் பேச வேண்டும் என்று கருதிய தலைமுறையைச் சேர்ந்தவர். அவருக்கும் முன்பே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவர் கிறீன், 19ஆம் நூற்றாண்டில் மேலை மருத்துவ நூல்களைத் தமிழில் பெயர்த்து, தமிழிலேயே மாணாக்கரைப் பயிற்றுவித்தார். அழற்சி, நாளம், குருதி என்று இன்று நாம் கையாளும் சொற்களுக்குப் பின்னால் இத்தகைய பலரின் உழைப்பு இருக்கிறது. அச்சொற்கள் பாடநூலில் மட்டும் இருந்தால் போதாது. விடுதி உணவுக்கூடத்திலும் திண்ணையிலும் புழங்க வேண்டும்.

1493இல் ஆரோக்கியசாலையை மீண்டும் எடுப்பித்த கருடவாகன பட்டருக்கு நாளத்தின் சுவர் தெரியாது; வெள்ளணு தெரியாது. சிதைந்துகிடந்த இடத்தில் நோயாளிக்கென ஒரு கூரை மீண்டும் வேண்டும் என்பது தெரிந்திருந்தது. நமக்கோ நாளத்தின் சுவரும் தெரியும், வெள்ளணுவும் தெரியும். தோலில் ஒரு புள்ளியோடு வருபவருக்கு நம் பக்கத்தில் இடம் இருக்கிறதா என்பதே இனி நாம் விடைசொல்ல வேண்டிய கேள்வி.